கிரேக்கத் தத்துவம்: வாழ்க்கை, நற்பண்பு, சமூகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் பழைய கிரேக்கத் தத்துவ நூல்களை வாய்விட்டுப் படித்துப் பேசி வருகிறோம். எங்களில் பேராசிரியர் யாரும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எப்படி வாழ்வது, எப்படி நல்லவராவது, எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதைச் சுற்றியே கேள்விகள் இருப்பதால் வானியல், தர்க்கம் பக்கம் போகவில்லை.

கிரேக்கத் தத்துவம் என்று எந்தக் காலத்தைச் சொல்கிறோம்?

கி.மு. 6ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த மிலேட்டஸ் நகரத்தில் தொடங்குகிறது. அந்த ஊர்க்காரரான தேலீஸ் ஒரு சூரிய கிரகணத்தை முன்கூட்டியே சொன்னதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அது கி.மு. 585ஆம் ஆண்டுக் கிரகணம் என்று கணக்கிடுகிறார்கள். அடுத்து ஏதென்ஸில் சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில். அப்புறம் எபிகூரஸும் ஸ்டோயிக்குகளும். ரோமப் பேரரசின் காலத்திலும் இது தொடர்ந்தது. கி.பி. 529இல் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்ஸில் தத்துவம் கற்பிப்பதைத் தடை செய்தார்.

ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீண்ட பேச்சு இது. அதனால் "கிரேக்கர்கள் இப்படிச் சொன்னார்கள்" என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எந்தக் கிரேக்கர் என்று கேளுங்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் விடாமல் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். மாணவர் ஆசிரியரை மறுப்பது அங்கே வழக்கம்.

சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதவில்லையே, அவரைப் பற்றி எப்படித் தெரியும்?

மூன்று பேர் வழியாக. அவருடைய இளம் நண்பர் பிளேட்டோ, படைவீரராக இருந்த ஸெனஃபோன், நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸ். மூன்று சாக்ரடீஸும் ஒன்றுபோல இல்லை. கி.மு. 423இல் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸின் 'மேகங்கள்' நாடகத்தில் அவர் கூடையில் தொங்கியபடி வானத்தை ஆராயும் கோமாளி. ஸெனஃபோனிடம் நல்ல அறிவுரை சொல்லும் பெரியவர். பிளேட்டோவிடம் யாரையும் விடாமல் கேள்வி கேட்டுத் துளைப்பவர்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சில விஷயங்கள் உறுதியாகத் தெரிகின்றன. கி.மு. 470ஐ ஒட்டிப் பிறந்தவர். தாய் மருத்துவச்சி. போர்க்களங்களில் நின்றவர். சொற்பொழிவுக்குக் காசு வாங்காதவர். வெறுங்காலோடு சந்தையில் நின்று, "தைரியம் என்கிறீர்களே, அது என்ன?" என்று தளபதியிடமே கேட்டவர்.

"எனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னாரா?

அந்தச் சொற்களில் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் தன் பக்கத்தைச் சொல்வதாகப் பிளேட்டோ எழுதிய 'அப்பாலஜி' நூலில் இருப்பது வேறு. சாக்ரடீஸின் நண்பர் கைரெஃபோன் டெல்ஃபி கோயிலுக்குப் போய், "சாக்ரடீஸைவிட ஞானி யாராவது உண்டா?" என்று குறி கேட்டார். "இல்லை" என்று வந்தது. சாக்ரடீஸுக்கு அது புரியவில்லை. குறியைப் பொய்யாக்கிப் பார்க்கலாம் என்று அரசியல்வாதிகள், கவிஞர்கள், கைவினைஞர்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார். கைவினைஞர்களுக்குத் தங்கள் தொழில் நன்றாகவே தெரிந்திருந்தது, அதை அவர் மனதார ஒப்புக்கொள்கிறார். ஆனால் தொழில் தெரிந்த தைரியத்தில், பெரிய விஷயங்களும் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். "எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று நான் நினைப்பதில்லை, அந்த ஒரு சின்ன விஷயத்தில் நான் பரவாயில்லை" என்பதுதான் அவர் வந்து சேர்ந்த இடம்.

தெரியாது என்று கையை விரிப்பது சுலபம். அவர் அதற்குப் பிறகும் கடைசிவரை தேடிக்கொண்டே இருந்தார் என்பதை மறந்துவிட்டு அந்த வாசகத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

ஏன் அவரைக் கொன்றார்கள்?

குற்றச்சாட்டு இரண்டு: நகரத்தின் தெய்வங்களை ஏற்காமல் புதிய தெய்வங்களைக் கொண்டுவந்தார், இளைஞர்களைக் கெடுத்தார். வழக்குப் போட்டவர் மெலேட்டஸ். அவரோடு அனிட்டஸ், லைகான். ஆண்டு கி.மு. 399. சாக்ரடீஸுக்கு அப்போது எழுபது வயது.

பின்னணி தெரியாவிட்டால் இது வெறும் மூடநம்பிக்கை போலத் தோன்றும். ஏதென்ஸ் 27 ஆண்டு நீண்ட போரில் ஸ்பார்ட்டாவிடம் தோற்றது கி.மு. 404இல். ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பது பேர் கொண்ட குழு ஆட்சியைப் பிடித்து, பல நூறு குடிமக்களைக் கொன்று சொத்தைப் பறித்தது. அவர்களில் முக்கியமானவர் கிரிட்டியஸ், ஒருகாலத்தில் சாக்ரடீஸோடு பழகியவர். எதிரிப் பக்கம் தாவிய தளபதி அல்சிபயடீஸும் அவரோடு நெருங்கிப் பழகியவர். அடுத்த ஆண்டே மக்களாட்சி திரும்பியது. பழைய குற்றங்களுக்காக யார்மேலும் வழக்குப் போடக்கூடாது என்று பொதுமன்னிப்பும் வந்தது. ஆறாத புண்ணோடு இருந்த நகரம் அது. "இவர்களையெல்லாம் வளர்த்துவிட்டவர் இந்தக் கிழவர்தான்" என்ற கோபம் வழக்கில் எழுதப்படாமலே உள்ளே இருந்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

தீர்ப்புச் சொன்னவர்கள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட சுமார் 500 குடிமக்கள். முப்பது வாக்கு மாறியிருந்தால் விடுதலை ஆகியிருப்பேன் என்று சாக்ரடீஸே சொல்கிறார். குற்றவாளி என்று முடிவானபின், தண்டனை என்ன என்பதை இரு தரப்பும் முன்மொழிய வேண்டும். எதிர்த்தரப்பு மரணம் கேட்டது. நாடுகடத்தல் என்று அவர் கேட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். அவரோ, ஒலிம்பிக் வெற்றியாளர்களுக்கு நகரம் தன் செலவில் சாப்பாடு போடுவதுபோல எனக்கும் போட வேண்டும் என்றார். அப்புறம் நண்பர்கள் வற்புறுத்தியதால் முப்பது மினா (வெள்ளிப் பணம்) அபராதம் என்று மாற்றிக்கொண்டார். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

ஒவ்வொரு முறை படிக்கும்போதும் இந்த இடத்தில் எங்கள் கூட்டத்தில் வாக்குவாதம் வரும். பிழைக்கத் தெரியாதவர் என்று ஒருவர் சொல்வார். எனக்கு அவர் தன்னை விற்றுக்கொள்ள மறுத்தவராகவே தெரிகிறார். பிள்ளைகளைக் கூட்டிவந்து அழவைத்து இரக்கம் தேடுவது அந்த நீதிமன்றத்தில் சாதாரணம். அவருக்கும் மூன்று மகன்கள் இருந்தார்கள். யாரையும் கூட்டிவரவில்லை.

சிறையிலிருந்து தப்ப வழி இருந்தும் ஏன் போகவில்லை? சட்டம் எதைச் சொன்னாலும் கீழ்ப்படியச் சொல்கிறாரா?

ஏதென்ஸின் புனிதக் கப்பல் டீலோஸ் தீவுக்குப் போய்த் திரும்பும்வரை யாரையும் கொல்லக்கூடாது என்பது வழக்கம். அந்த இடைவெளியில் பழைய நண்பர் கிரிட்டோ விடியற்காலையில் சிறைக்கு வந்து, காவலாளிக்குக் கொடுக்கப் பணம் தயார், தெஸ்ஸலியில் தங்க வீடும் தயார் என்கிறார். சாக்ரடீஸ் மறுக்கிறார். சட்டங்கள் உயிர்பெற்று வந்து தன்னிடம் பேசுவதுபோல ஒரு காட்சியைக் கற்பனை செய்கிறார்: "உன்னைப் பெற்று வளர்த்தது எங்கள் நிழலில்தான். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் வெளியேறியிருக்கலாம். எழுபது வருஷம் இருந்துவிட்டு, ஒரு தீர்ப்பு உனக்கு எதிராக வந்ததும் எங்களை உடைப்பாயா?"

இதை மட்டும் படித்துவிட்டு அவரைக் கண்மூடிக் கீழ்ப்படிபவர் என்று முடிவு கட்டக்கூடாது. முப்பது பேர் ஆட்சியில், சலாமிஸைச் சேர்ந்த லியோன் என்ற நிரபராதியைப் பிடித்து வரும்படி ஐந்து பேருக்கு உத்தரவு போட்டார்கள். நான்கு பேர் போய்ப் பிடித்துவந்தார்கள், லியோன் கொல்லப்பட்டார். ஐந்தாவது ஆளான சாக்ரடீஸ் நேராக வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு முன் கி.மு. 406இல், தளபதிகள் பலரைச் சட்டவிரோதமாக ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க மக்கள் கூட்டம் கொதித்தபோது, அன்றைய பொறுப்பில் இருந்த அவர் மட்டும் மறுத்தார். அநியாயம் செய் என்று யார் சொன்னாலும் செய்ய மாட்டார், தனக்கு அநியாயம் நடந்தால் பதிலுக்கு அநியாயம் செய்ய மாட்டார். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் அவர் நிலை புரியும்.

தெரிந்தே தப்புச் செய்கிறோமே, அதற்கு என்ன பதில்?

சாக்ரடீஸின் பதில் பலரைத் திகைக்க வைக்கும்: யாரும் தெரிந்து தப்புச் செய்வதில்லை. தப்புச் செய்கிறவர், அந்த நேரத்தில் அதுதான் தனக்கு நல்லது என்று நம்புகிறார், கணக்கில் பிழை. ஆகவே நன்மையை உண்மையாக அறிந்தவர் நன்மையையே செய்வார்.

அரிஸ்டாட்டில் இதை ஏற்கவில்லை. கண்ணுக்கு முன்னால் நடப்பதற்கு இது முரண்படுகிறது என்றார். சர்க்கரை நோய் இருப்பவர் லட்டை எடுக்கும்போது அது கெடுதல் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அந்த அறிவு அவரிடம் தூங்குகிறது. குடிபோதையில் இருப்பவர், பழைய தத்துவக் கவிஞர் எம்பெடோக்ளிஸின் கவிதையைப் பிழையில்லாமல் ஒப்பிப்பார், அதற்காகப் பொருள் புரிந்து பேசுகிறார் என்று ஆகுமா என்று கேட்கிறார். இன்னொரு உவமையும் தருகிறார். மனக்கட்டுப்பாடு இல்லாதவர், நல்ல நல்ல சட்டங்களை இயற்றி வைத்துக்கொண்டு ஒன்றைக்கூட நடைமுறைப்படுத்தாத நகரத்தைப் போன்றவராம்.

எனக்கு இதில் அரிஸ்டாட்டில் பக்கம் சாய்வு. படித்தவர்கள் செய்யும் கொடுமைகளைப் பார்த்தபின் சாக்ரடீஸின் பதிலை முழுசாக ஏற்க முடியவில்லை.

'அரெட்டே' என்பதை அறம் என்று மொழிபெயர்ப்பது சரியா?

பாதி சரி. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு மனிதர் மட்டும் உரியவர் இல்லை. கத்திக்கும் அரெட்டே உண்டு, நன்றாக வெட்டுவது. குதிரைக்கு உண்டு, நன்றாக ஓடுவது. கண்ணுக்கு உண்டு. ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ அதைச் சிறப்பாகச் செய்யும் தன்மை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் மனிதராக இருப்பதைச் சிறப்பாகச் செய்வது எப்படி? இந்தக் கேள்வியிலிருந்துதான் ஞானம், துணிவு, தன்னடக்கம், நீதி என்ற நான்கு பண்புகளைப் பிளேட்டோவின் 'குடியரசு' எடுத்துப் பேசுகிறது.

'அறம்' என்றதும் நமக்குக் கடமையும் கட்டளையும் நினைவுக்கு வரும். 'அரெட்டே'யில் கைத்திறமையின் சாயல் இருக்கிறது. அதனால்தான் அரிஸ்டாட்டில் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறார், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ்க் கலைஞர் ஆகிறார். அதேபோல நியாயமான செயல்களைச் செய்து செய்துதான் நியாயமானவர் ஆகிறோம். பேசிக்கொண்டே இருந்து நல்லவராகிவிடலாம் என்று நினைப்பவர்களை, டாக்டர் சொல்வதைக் கவனமாகக் கேட்டுவிட்டு மருந்து எதையும் சாப்பிடாத நோயாளிகளோடு ஒப்பிடுகிறார். அவருடைய தந்தை மருத்துவர் என்பது இந்த வரியைப் படிக்கும்போது ஞாபகம் வரும்.

'நடுவழி' என்றால் எல்லாவற்றிலும் மிதமாக இருப்பதா?

இது ரொம்பப் பரவிய தவறான புரிதல். அரிஸ்டாட்டில் சொல்வது இரண்டு கேடுகளுக்கு நடுவே இருக்கும் சரியான இடம். கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவே துணிவு. கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவே தாராளம். அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குப் பத்து மினா (இங்கே இது எடை அளவு) உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு மினா என்று எழுதிக் கொடுக்க மாட்டார். புகழ்பெற்ற மல்யுத்த வீரர் மைலோவுக்கு ஆறு போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவருக்கு அதுவே அதிகம்.

கோபத்தைப் பற்றி அவர் சொல்வதைப் பாருங்கள். கோபப்படுவது யாராலும் முடியும். சரியான ஆளிடம், சரியான அளவில், சரியான நேரத்தில், சரியான காரணத்துக்காக, சரியான விதத்தில் கோபப்படுவதுதான் கஷ்டம். கோபமே வரக்கூடாத இடத்தில் 'மிதமான' கோபம்கூடத் தப்பு. கோபப்பட வேண்டிய இடத்தில் வாய்மூடி நிற்பதும் குறைதான். சில செயல்களுக்கு நடுவழியே கிடையாது என்றும் தெளிவாக எழுதுகிறார். கொலைக்கும் திருட்டுக்கும் 'அளவோடு' என்று ஒன்று இல்லை.

எந்தச் சூத்திரமும் அந்த இடத்தைக் காட்டித் தராது. அதைக் கண்டுபிடிக்கும் விவேகத்துக்கு 'ஃப்ரோனெசிஸ்' என்று பெயர் வைத்தார். இளைஞர்கள் கணிதத்தில் மேதையாகலாம், இதில் ஆக முடியாது, இதற்கு அனுபவம் வேண்டும் என்கிறார்.

'யூடைமோனியா' என்பது மகிழ்ச்சியா?

மகிழ்ச்சி வந்து போகும், இது வந்து போவதில்லை. 'நன்றாக வாழ்ந்த வாழ்க்கை' என்பது நெருங்கி வரும். நம் வீடுகளில் ஒரு பெரியவர் இறந்ததும் "நல்லா வாழ்ந்த மனுஷன்" என்று சொல்வோமே, அந்த அர்த்தத்தில். ஒரு தகைவிலான் குருவி வந்துவிட்டால் வசந்தம் வந்துவிடாது, ஒருநாள் சந்தோஷம் ஒருவரை அப்படி ஆக்கிவிடாது என்பது அரிஸ்டாட்டிலின் வரி.

பணம், ஆரோக்கியம், பிள்ளைகள், அதிர்ஷ்டம் எல்லாம் கொஞ்சமாவது வேண்டும் என்று அவர் நேர்மையாக ஒப்புக்கொள்கிறார். அதைவிட முக்கியம் நண்பர்கள். 'நிகோமாகியன் எதிக்ஸ்' நூலின் பத்துப் பகுதிகளில் இரண்டு முழுக்க நட்பைப் பற்றியவை. மற்ற எல்லா நன்மைகளும் இருந்தாலும் நண்பர் இல்லாமல் வாழ யாரும் விரும்ப மாட்டார் என்று தொடங்குகிறார். பயனுக்கான நட்பு, இன்பத்துக்கான நட்பு, ஒருவரின் நற்பண்புக்காக அவர்மேல் வரும் நட்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார். மூன்றாவது அபூர்வம், அதற்குக் காலம் பிடிக்கும். சேர்ந்து உப்புத் தின்னாமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற பழமொழியை இங்கே எடுத்துக் காட்டுகிறார். கிரேக்கத்திலும் உப்புத்தான் சாட்சி என்று படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

எபிகூரஸ் "நன்றாகத் தின்று குடித்துச் சந்தோஷமாக இரு" என்று சொன்னவர்தானே?

அது அவருடைய எதிரிகள் பரப்பியது. கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்த எபிகூரஸ், ஏதென்ஸில் ஒரு தோட்டம் வாங்கி நண்பர்களோடு வாழ்ந்தார். பெண்களும் அடிமைகளும் அங்கே சேர்ந்து படித்தார்கள், அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். ரொட்டியும் தண்ணீரும்தான் அன்றாட உணவு. ஒரு சட்டி பாலாடைக்கட்டி அனுப்பு, வேண்டும்போது விருந்து சாப்பிடுகிறேன் என்று நண்பருக்கு எழுதியிருக்கிறார்.

இன்பம்தான் குறிக்கோள் என்றார், உண்மை. ஆனால் உடம்பில் வலி இல்லாமலும் மனதில் கலக்கம் இல்லாமலும் இருப்பதையே இன்பம் என்றார். ஆசைகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். பசிக்கு உணவு இயற்கையானது, தேவையானது. விதவிதமான பலகாரம் இயற்கையானது, தேவையில்லை. சிலையும் மாலையும் புகழும் இரண்டும் இல்லை, அந்த ஆசைக்கு முடிவே கிடையாது.

மரணத்தைப் பற்றி மெனோய்கியஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வாதம் உண்டு: நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை. தர்க்கமாக இதில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனாலும் என் தந்தை இறந்த ஆண்டில் இதை எத்தனை முறை படித்தும் எனக்கு ஆறுதல் வரவில்லை. நம்முடைய சாவுக்குப் பதில் சொல்கிறது, நமக்கு வேண்டியவர்களின் சாவுக்கு இது பதில் சொல்வதில்லை. எபிகூரஸ் தானே சிறுநீரகக் கல்லின் வேதனையோடு செத்தபோது எழுதிய கடைசிக் கடிதம்தான் எனக்கு உதவியது. வலி உச்சத்தில் இருக்கிறது, ஆனால் நாம் பேசிய பேச்சுகளின் நினைவு அதற்கு எதிராக நிற்கிறது என்று எழுதி, இறந்துபோன நண்பனின் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி முடிக்கிறார்.

ஸ்டோயிக் என்றால் உணர்ச்சியே இல்லாமல் கல்லாக இருப்பதா?

இல்லை. முதலில் கதை. சைப்ரஸ் தீவின் ஸீனோ ஊதாச் சாய வியாபாரி. ஏதென்ஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் உடைந்து சரக்கு போனது. புத்தகக் கடையில் உட்கார்ந்து சாக்ரடீஸைப் பற்றி ஸெனஃபோன் எழுதியதைக் கேட்டவர், "இப்படிப்பட்ட மனிதர்கள் எங்கே கிடைப்பார்கள்?" என்று கேட்டார். அந்நேரம் தெருவில் போன கிராட்டீஸ் என்ற தத்துவவாதியைக் கடைக்காரர் காட்டி, "அவர் பின்னால் போ" என்றாராம். பல ஆண்டு படித்தபின் கி.மு. 300ஐ ஒட்டி, ஓவியங்கள் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் கற்பிக்கத் தொடங்கினார். மண்டபத்துக்குக் கிரேக்கத்தில் 'ஸ்டோவா'. பெயர் அங்கிருந்து வந்தது.

அடிப்படையை எபிக்டெட்டஸ் ஒரே வரியில் சொல்கிறார்: சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன, சில இல்லை. நம் கருத்து, முயற்சி, விருப்பு, வெறுப்பு நம் கையில். உடம்பு, சொத்து, பேர், பதவி நம் கையில் இல்லை. சொன்னவர் அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர். அதே தத்துவத்தை வாழ்க்கையாகக் கொண்ட இன்னொருவர் கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மார்கஸ் அரேலியஸ். போர்ப் பாசறைகளில் தனக்குத் தானே கிரேக்கத்தில் குறிப்பு எழுதி வைத்தார். பெற்ற பிள்ளைகளில் பலரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்த தகப்பன் அவர்.

இப்போது ஸ்டோயிக் என்ற பெயரில் யூடியூபில் வருவதில் பெரும்பகுதி, மற்றவர்களைப் பொருட்படுத்தாமல் ஜெயிப்பது எப்படி என்ற பாடமாக இருக்கிறது. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தேன்கூட்டுக்கு நன்மை தராதது தேனீக்கும் நன்மை தராது என்று எழுதியவர் மார்கஸ். எபிக்டெட்டஸின் 'கையேடு' நூலில் நான் அதிகம் நினைத்துப் பார்க்கும் வரி குடும்பத்தைப் பற்றியது. எந்த விஷயத்துக்கும் இரண்டு பிடி உண்டு, ஒன்றைப் பிடித்துத் தூக்கலாம், மற்றதைப் பிடித்தால் தூக்க முடியாது. உன் சகோதரன் உனக்குத் தீங்கு செய்தால், 'தீங்கு செய்தான்' என்ற பக்கத்தைப் பிடிக்காதே. 'என் உடன்பிறந்தவன், என்னோடு வளர்ந்தவன்' என்ற பக்கத்தைப் பிடி. சொத்துத் தகராறில் பல வருஷம் பேசாமல் இருந்த இரண்டு பேர் எங்கள் கூட்டத்தில் இந்த வரியைக் கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. எபிக்டெட்டஸ் வயதான காலத்தில், ஒரு நண்பர் வறுமையால் கைவிட இருந்த குழந்தையைத் தானே எடுத்து வளர்த்தார். கல்லாக இருப்பவர் செய்கிற காரியமா இது?

ஜாடிக்குள் வாழ்ந்த டயோஜெனிஸ் ஒரு பைத்தியக்காரரா?

கருங்கடல் கரை ஊரான சினோப்பியிலிருந்து வந்தவர். பெரிய மண்ஜாடியில் படுத்தார், பட்டப்பகலில் விளக்கோடு மனிதனைத் தேடினார், என்ன வேண்டும் என்று கேட்ட அலெக்சாண்டரிடம் வெயிலை மறைக்காமல் நகரச் சொன்னார் என்று கதைகள் நிறைய. ஒரு சிறுவன் கையில் தண்ணீர் ஏந்திக் குடிப்பதைப் பார்த்துத் தன் கிண்ணத்தை எறிந்துவிட்டாராம். எந்த ஊர் என்று கேட்டதற்கு, "நான் உலகத்தின் குடிமகன்" என்றார். ஊரும் குலமும்தான் ஒருவரின் அடையாளம் என்றிருந்த காலத்தில் சொல்லப்பட்டது அது.

பிளேட்டோ மக்களாட்சிக்கு எதிரியா?

ஆமாம், அதை மறைக்கத் தேவையில்லை. மக்கள் தீர்ப்பால் சாக்ரடீஸ் செத்தபோது அவருக்கு ஏறக்குறைய 28 வயது. 'குடியரசு' நூலில் ஒரு கப்பலைக் காட்டுகிறார். உரிமையாளர் பலசாலி, ஆனால் காது சரியாகக் கேட்காது, கண்ணும் மங்கல். மாலுமிகள் சுக்கானுக்காக அடித்துக்கொள்கிறார்கள். கப்பல் ஓட்டுவது கற்க வேண்டிய தொழில் என்பதையே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நட்சத்திரங்களையும் காற்றையும் படித்த உண்மையான மாலுமியை வானம் பார்க்கும் வெட்டிப்பேச்சுக்காரன் என்கிறார்கள். தேர்தல் நேரத்தில் இதைப் படித்தால் யாருக்கும் வலிக்கும்.

அவர் கொடுத்த மருந்து ஞானிகளின் ஆட்சி. ஆள்பவருக்குச் சொந்தச் சொத்து கூடாது, தங்கம் வெள்ளியைத் தொடக்கூடாது, தகுதி இருந்தால் பெண்களும் ஆளலாம். இந்தப் பகுதிகளில் அவருடைய துணிச்சல் வியப்பூட்டுகிறது. ஆனால் கவிஞர்களைத் தணிக்கை செய்வது, யார் யாரோடு சேரலாம் என்று அரசு முடிவு செய்வது, ஆட்சிக்காக மக்களிடம் பொய் சொல்லலாம் என்பது எல்லாம் அதே நூலில்தான் இருக்கின்றன. சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரத்துச் சர்வாதிகாரிகளை அவர் நேரில் பார்த்தவர். அவர்களில் ஒருவரான இளைய டயோனிசியஸைத் தத்துவவாதி ஆக்கப் போய் அவமானப்பட்டுத் திரும்பினார்.

சரியான பதிலைத் தந்தவர் அவருடைய மாணவர் என்பது என் எண்ணம். ஒருவர் செலவில் போடும் விருந்தைவிடப் பலர் ஆளுக்கொன்று கொண்டுவந்து சேர்க்கும் விருந்து நன்றாக இருக்கலாம், அதேபோலப் பலர் சேர்ந்து எடுக்கும் முடிவும் இருக்கலாம் என்று அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலில் எழுதுகிறார். வீட்டைப் பற்றிக் கட்டியவரைவிடக் குடியிருப்பவருக்கு நன்றாகத் தெரியும், சாப்பாட்டின் ருசியைச் சமையல்காரரைவிடச் சாப்பிடுகிறவர் சொல்ல முடியும். இதை எழுதிய அவருக்கு ஏதென்ஸில் வாக்குரிமை கிடையாது. வெளியூர்க்காரர் என்பதால் அங்கே நிலம்கூட வாங்க முடியாது.

அடிமைகளை வைத்துக்கொண்டு, பெண்களை ஒதுக்கிவிட்டு நீதியைப் பேசியவர்களை ஏன் படிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன். சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். பெண்ணின் சிந்தனைத் திறனுக்கு அதிகாரம் இல்லை என்றும் எழுதினார். இந்த வரிகளைப் பிற்காலத்தில் 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில், அமெரிக்கப் பழங்குடிகளை அடக்குவதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்த கொடுமையைத் தலைமுறைகளாகப் பார்த்த நாம் இதை அலட்சியமாகக் கடந்துபோக முடியாது.

'காலம் அப்படி' என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. அடிமைமுறை இயற்கைக்கு எதிரானது, வெறும் பலத்தால் வந்தது என்று சொன்னவர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். அரிஸ்டாட்டிலே அதைக் குறிப்பிடுகிறார். இயற்கை யாரையும் அடிமையாக்கவில்லை என்றார் அல்கிடமாஸ் என்ற பேச்சாளர். கேட்டும் அரிஸ்டாட்டில் மாறவில்லை. தன் உயிலில் சில அடிமைகளை விடுவிக்கச் சொன்னார், தனக்குப் பணி செய்த சிறுவர்களை விற்கக்கூடாது என்றார். நூலில் எழுதியது அவருக்கே உறுத்தியதோ என்று எனக்குத் தோன்றும்.

பெண்களில் ஒருவரையாவது தெரிந்துகொள்ளுங்கள். திரேஸ் பகுதியின் மரோனியா ஊரைச் சேர்ந்த ஹிப்பார்க்கியா, வசதியான வீட்டை விட்டுவிட்டு, ஸீனோவின் ஆசிரியரான கிராட்டீஸைத் தானே விரும்பி மணந்து, அவரைப் போலவே முரட்டுத் துணி உடுத்தி வீதியில் தத்துவம் பேசினார். தறியை விட்டுவிட்டு வந்தவள்தானே என்று ஒருவர் சீண்டியபோது, தறியில் வீணாக்கியிருக்கும் நேரத்தைப் படிப்பில் செலவிட்டேன், அது தவறான முடிவு என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார்.

வாட்ஸ்அப்பில் வரும் மேற்கோள்களை நம்பலாமா?

பெரும்பாலும் வேண்டாம். "நாம் திரும்பத் திரும்பச் செய்வதே நாம், சிறப்பு என்பது செயல் அல்ல, பழக்கம்" என்பது அரிஸ்டாட்டிலின் வரி இல்லை. அவர் கருத்தைச் சுருக்கி அமெரிக்க எழுத்தாளர் வில் டியூரண்ட் 1926இல் எழுதியது. "இன்றைய பிள்ளைகள் சொகுசை விரும்புகிறார்கள், பெரியவர்களை மதிப்பதில்லை" என்று சாக்ரடீஸ் பெயரில் சுற்றுவது, 1907இல் வெளியான ஓர் ஆங்கில ஆய்வு நூலிலிருந்து வந்தது. "சோதித்துப் பார்க்காத வாழ்க்கை மனிதருக்கு வாழத் தகுந்ததல்ல" என்பது மட்டும் 'அப்பாலஜி'யில் உண்மையிலேயே இருக்கிறது. மேற்கோளோடு நூல் பெயர் இல்லாவிட்டால் அனுப்பாமல் விட்டுவிடுங்கள்.

சங்க இலக்கியத்தில் வரும் யவனர் இவர்கள்தானா?

சொல் அங்கிருந்து வந்ததுதான். தேலீஸ் வாழ்ந்த கரைக்கு அயோனியா என்று பெயர். அது பாரசீகம் வழியாக 'யவன' என்று ஆனது. அகநானூற்றின் 149ஆம் பாட்டில் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" கப்பல்கள் முசிறிக்கு வருகின்றன. மிளகு ஏற்ற வந்த வியாபாரிகள் அவர்கள். முசிறி வணிகத்தைப் பற்றிக் கிரேக்கத்தில் எழுதிய 2ஆம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒன்று இன்று வியன்னாவில் இருக்கிறது. பொருளும் பணமும் கைமாறியதற்குச் சான்று இது.

எதில் தொடங்கலாம்?

'அப்பாலஜி'யில். ஒரு மாலையில் முடிந்துவிடும். அடுத்து, மேலே சொன்ன சிறைக் காட்சி வரும் பிளேட்டோவின் 'கிரிட்டோ', அதற்கடுத்து எபிக்டெட்டஸின் 'கையேடு'. நட்பு பற்றிய அரிஸ்டாட்டிலின் இரண்டு பகுதிகளைத் தனியாகவே படிக்கலாம், முன்னால் உள்ளதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 'குடியரசு' பெரியது. வெ. சாமிநாத சர்மா அதைத் தமிழில் தந்திருக்கிறார். முதல் பகுதியோடு நிறுத்திக்கொண்டாலும் தப்பில்லை. மார்கஸின் குறிப்புகளை வரிசையாகப் படிக்காதீர்கள், காலையில் ஒன்று இரண்டு போதும்.

முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக வாய்விட்டுப் படியுங்கள். பிளேட்டோ எழுதியவை உரையாடல்கள். கிரிட்டோவின் வரிகளை நீங்களே சொல்லும்போது, "தப்பித்துப் போய்விடுங்கள்" என்று கெஞ்சும் இடத்தில் குரல் தானாக மாறும்.